மூடாத மஞ்சள்

கன்றுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார். ஊரில் யாருக்கோ காய்ச்சல் வந்த கதையைச் சொன்னால்கூட, ஆள் பிழைத்தாரா இல்லையா என்பதைக் கடைசிவரை சொல்லாமல் இழுத்து இழுத்து நம் உயிரை வாங்கிவிடுவார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கன்று பிழைத்துக்கொண்டது. அதற்குள் நான் எப்படிச் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் சுருளிராஜன். சின்னமனூர் மெயின் ரோட்டில் பெயிண்ட் கடை. வீடு மார்க்கையன்கோட்டையில். கடைக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கல்யாண வீட்டுக்காரர், கோயில் கமிட்டிக்காரர், பள்ளிக்கூடத்து ஆள், எவராக இருந்தாலும் டின்னைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரே கோட்ல மூடிருமா?" என்பார்கள். பழைய கறை, பழைய கலர், பழைய பாவம் எல்லாம் ஒரே இழுப்பில் மறைய வேண்டும். எனக்குச் சுள்ளென்று வரும். ஆனாலும் பொறுமையாகச் சொல்லுவேன். பெயிண்ட் என்பது எண்ணெயும் பொடியும். எண்ணெய் ஒட்டும், பொடிதான் மூடும். வெள்ளைக்கு டைட்டானியம் என்று ஒரு பொடி இருக்கிறது. அது ராஜா. அடுப்படிக் கரிச்சுவரைக்கூட இரண்டு கையில், அதாவது இரண்டு கோட்டில், மறைத்துவிடும். பக்கத்து பிளாஸ்டிக் கடையில் குடம் வாங்குகிற பெண்கள் குடத்துக்குள் கையை விட்டு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். வெளியே விரல் நிழல் தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் பார்ப்பதும் அந்தப் பொடியைத்தான். பொடியைக் குறைத்தால் குடம் காட்டிக்கொடுத்துவிடும்.

மஞ்சளில்தான் தகராறு. முன்பெல்லாம் மஞ்சளுக்கு ஈயம் கலந்த பொடி போடுவார்கள். பளீரென்று இருக்கும், கறுப்பின் மேல் ஒரே இழுப்பில் மூடும், வெயிலில் வெளுக்காது. எல்லாம் நல்ல குணம்தான், விஷம் என்பதைத் தவிர. பிறகு சட்டம் வந்தது, வீட்டு பெயிண்டில் ஈயம் கூடாது என்று. இப்போது வருகிற மஞ்சள்பொடி பளிச்சென்று இருக்கும், ஆனால் மெல்லிய வாயில் துணிப் புடவை மாதிரி அடியில் இருப்பதைக் காட்டும். மூட வைக்கிறேன் என்று டைட்டானியத்தைச் சேர்த்தால் மஞ்சள் வெளுத்து மோராகிவிடும். அளவாகச் சேர்த்து, மூன்று நான்கு கை அடிக்க வேண்டும். இதைச் சொன்னால் நான் பெயிண்ட் அதிகம் விற்பதற்காகச் சொல்கிறேன் என்பார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கும் சம்சுதீன் பாய்க்கும் பொங்கலுக்கு முன்னால் பெரிய வாய்த்தகராறு. பாய் உத்தமபாளையத்தில் லாரி பாடிக்கு பெயிண்ட் அடிப்பவர். குமுளி ஏறிக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோகிற லாரிகளில் பாதி அவர் கைபட்டவை. என்றைக்கோ மூடிப்போன ஒரு கம்பெனியின் மஞ்சள் பெயிண்டை மொத்தமாக வாங்கி வைத்திருந்தார். அதில் கடைசி டின்னைக் கொண்டுவந்து, "இதே மஞ்சள் வேணும்ணே" என்று என் மேஜைமேல் வைத்தார். லேபிள் எல்லாம் உரிந்துபோன டின். திறந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஈய மஞ்சள்தான் என்று.

ஈயம் இல்லாமல் அதே கலர் எடுத்துத் தருகிறேன் என்று சவால் விட்டேன். கலர் சேர்ப்பது எனக்குக் கைவந்த வேலை, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு சொட்டு சிவப்பு, ஒரு சொட்டு வெள்ளை என்று சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, கடைசியில் அச்சு அசலாக அதே மஞ்சளை எடுத்துவிட்டேன். லேபிள் ஒட்டாத வெறும் டின்னில் ஊற்றி, பழைய டின்னையும் புது டின்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே எது எது என்று தெரியவில்லை. அன்றைக்கு இருந்த பெருமையில் டீக்கடைக்காரரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பாய் வந்தார். கறுப்புத் தகரம் ஒன்றைக் கூடவே கொண்டுவந்திருந்தார். இரண்டையும் அடித்துப் பார்த்தார். மூஞ்சி சுருங்கிவிட்டது.

"கலரு அதேதாண்ணே. ஆனா மூடலையே."

நான் ஈயத்தைப் பற்றிச் சொன்னேன். தேய்க்கும்போது தூசி மூக்கில் போகும், பிள்ளைகுட்டிக்காரர் நீங்கள் என்று சொன்னேன். லாரியை யாரு நக்கப் போறா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்து நானும் ஏதோ சொல்லிவிட்டேன். இரண்டு டின்னையும் அங்கேயே விட்டுவிட்டு, பொங்கல் கழித்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். நான் இரண்டையும் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தேன். அதில் ஒன்றை ஓரமாகத் தனியே வைத்து மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒட்டவில்லை.

இனி கன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் ஓவியா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபிறகு வீட்டில் நானும் என் மனைவி மகாலட்சுமியும் ஒரு பசுவும்தான். மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்த சமயத்தில் அந்தப் பசுவும் போய்விட்டது. அது விட்டுப்போன கிடேரிக் கன்று அப்போது நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. மகாதான் அதைப் பிழைக்க வைத்தாள். நீலக் கலர் பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் பாலை ஊற்றி, அதற்குள் விரலை விட்டு, விரலைக் காம்பு என்று நம்பவைத்துக் குடிக்கப் பழக்கினாள். பட்டு என்று பெயர் வைத்தாள். வளர்ந்து கிடேரியாகிவிட்டாலும் எங்களுக்கு அது இன்னும் கன்றுக்குட்டிதான். என்னிடம் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை மகா பட்டுவிடம் ஒரு வேளையிலேயே பேசிவிடுவாள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நிம்மதிதான்.

இந்தப் பொங்கலுக்குப் பட்டுவுக்குக் கொம்பு வந்திருந்தது. ஒரு சாண்கூட இருக்காது, கறுகறுவென்று இரண்டு குட்டிக் கொம்பு. மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் மஞ்சள் அடிக்க வேண்டும், கடையிலிருந்து பெயிண்ட் கொண்டுவாருங்கள் என்று மகா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வாரமாக மறந்துகொண்டிருந்தேன். பெயிண்ட் கடைக்காரன் வீட்டில் பெயிண்ட் இல்லை என்று தெருவில் சிரிக்கிறார்கள் என்றாள். போகி அன்றைக்குக் கடையில் சாமி படங்களைத் துடைத்துப் பொட்டு வைக்க அவளே வந்தாள். நான் டீக்குப் போயிருந்த நேரத்தில், மேஜைக்கு அடியில் பெருக்கும்போது மஞ்சள் டின்னைப் பார்த்திருக்கிறாள். ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்மேல் இருந்த கோபத்தில் என்னிடம் சொல்லவும் இல்லை.

மாட்டுப்பொங்கல் அன்று நான் பழனிசெட்டிபட்டியில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தால், வாசலில் பட்டு மாலையும் மணியுமாக நிற்கிறது. கொம்பு மஞ்சள். மூக்கு மஞ்சள். வாயைத் திறந்தால் நாக்கும் மஞ்சள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்றுக்கு லிப்ஸ்டிக் போட்டுவிட்டாயா என்று மகாவைக் கேட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெயிண்டை ஊற்றிக்கொள்ள வேறு ஏனம் இல்லையென்று, விளிம்பு உடைந்து மூலையில் கிடந்த அந்த நீலப் பேசினை எடுத்திருக்கிறாள். கொம்புக்கு அடித்து முடித்து, மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டு, பொங்கல் பானையைப் பார்க்க உள்ளே போயிருக்கிறாள். பட்டு தன் பேசினைப் பார்த்திருக்கிறது. சின்ன வயதில் தனக்குப் பால் வந்த பேசின். விட்டுவைக்குமா? மகா திரும்பி வருவதற்குள் பேசினைக் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக நக்கி முடித்துவிட்டது.

"பாலுன்னு நெனச்சிருச்சுங்க கிறுக்குச் சிறுக்கி," என்று சொல்லி அதன் நெற்றியைத் தட்டினாள்.

அது என்ன பெயிண்ட், எங்கே வாங்கினாய் என்று நான் சும்மாதான் கேட்டேன். மேஜைக்கடியில் இரண்டு டின் இருந்ததே, அதில் ஒன்று என்றாள். அதோடு என் சிரிப்பு நின்றது.

"எந்த டின்னு?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"மகா, எந்த டின்னுல ஊத்துன?"

"ரெண்டும் ஒரே மஞ்சளாத்தாங்க இருந்துச்சு. ஒரு துளி வித்தியாசம் இல்லையே."

அவள் சொன்னது உண்மை. ஒரு துளி வித்தியாசம் இல்லாமல் செய்தது நான்தான். வேறு யாராவது என் வேலையை இப்படிப் பாராட்டியிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அந்த நிமிஷத்தில் என் கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் மதுரையில் டீலர்களைக் கூப்பிட்டு நடத்திய கூட்டத்தில் ஈயத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பெயிண்ட் இனிக்குமாம், அதனால் மாடு வேலியில் அடித்ததைக்கூட நக்குமாம், நக்கிய மாடு கண் தெரியாமல் முட்டி முட்டிச் செத்துப்போகுமாம். மகாவிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் எதையும் உள்ளே வைத்திருக்க முடியாது, சொல்லிவிட்டேன். அவள் கன்றின் கழுத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையாலதான அந்தப் பேசினை எடுத்து வச்சேன்," என்றாள்.

கால்நடை டாக்டர் பெனாசிருக்கு போன் போட்டேன். உத்தமபாளையத்துப் பெண், எங்கள் பக்கத்து மாடுகளுக்கெல்லாம் அவர்தான். மாட்டுப்பொங்கல் அவருக்கு வருஷத்திலேயே மோசமான நாள். மாட்டின் மேல் இருக்கிற பாசத்தில் பானை பானையாகச் சர்க்கரைப் பொங்கலை ஊட்டிவிட்டு, வயிறு உப்பிப்போச்சு வாருங்கள் என்று ஊர் முழுக்கக் கூப்பிடுவார்கள். நாலைந்து உப்பிய வயிறுகளைப் பார்த்துவிட்டு, அசந்துபோய் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். மகா தரையில் இருந்த கோலத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த அசதி போய்விட்டது.

எல்லாவற்றையும் கேட்டார். பேசினைப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். சாதாரண பெயிண்ட் என்றால் அதில் இருக்கிற எண்ணெய்க்கு ஒரு நாள் இரண்டு நாள் வயிறு கலங்கும், சரியாகிவிடும். ஈயம் என்றால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் பல்லைக் கடிக்கும், கண் போகும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலைமைக்குப் போய்விட்டால் திருப்புவது கஷ்டம். அதற்கு ஊசி இருக்கிறது, மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், உடனே ஆரம்பித்தால்தான் பலன். ரத்தம் எடுத்து அனுப்பினால் பொங்கல் லீவு எல்லாம் முடிந்துதான் முடிவு வரும்.

அப்படியானால் எதற்கும் ஊசியைப் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது கிட்னியப் பதம் பாக்குற மருந்துண்ணே. ஈயம் இல்லாத கன்னுக்குப் போட்டா நாமளே கெடுத்தமாதிரி ஆகிரும். எந்த டின்னுன்னு மட்டும் தெரிஞ்சா நான் நிம்மதியா முடிவெடுப்பேன்."

எந்த டின். அதுதானே தெரியவில்லை. வாசல்பக்கம் இருந்த டின்னா, சுவர்ப்பக்கம் இருந்ததா என்று மகாவைக் கேட்டேன். பெருக்கும்போது இரண்டையும் நகர்த்திவிட்டுப் பெருக்கினேன் என்றாள். எது கனமாக இருந்தது என்று கேட்டேன். கனம் பார்த்தா தூக்கினேன் என்றாள். நான் கத்தினேன். நீங்கள் ஒரு வாரமாகச் சொன்னதைக் கொண்டுவந்து தந்திருந்தால் நான் ஏன் அங்கே கை வைக்கப் போகிறேன் என்று அவளும் கத்தினாள். அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். டாக்டர் இரண்டு பேரையும் வாயை மூடிக்கொண்டு கன்றின் தலையைப் பிடிக்கச் சொன்னார். எந்தப் பெயிண்டாக இருந்தாலும் பேதி உப்பும் கரித்தூளும் உள்ளே போகட்டும் என்று கரைத்து வைத்திருந்தார்.

நான் தாடையைப் பிடித்தேன். மகா காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் ஒரு கையால் கொம்பைப் பற்றித் தலையை நிமிர்த்தி, இன்னொரு கையால் மருந்தை ஊற்றினார். பட்டு பாதியைக் குடித்துவிட்டுப் பாதியை என் சட்டையில் துப்பியது. ஊற்றி முடித்து, கொம்பில் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே, பேச்சை மாற்றுகிற மாதிரி டாக்டர் கேட்டார்.

"அவசரத்துல அடிச்சீகளாக்கா? கொம்புல கறுப்பு அப்படியே தெரியுது."

மகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீடு தீப்பிடித்து எரிந்தாலும், கோலம் சரியில்லையே என்று யாராவது சொன்னால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஓடுவாள். அழுகையோடு அழுகையாக நிமிர்ந்தாள்.

"அவசரமா? காலையில ஒரு கை அடிச்சேன் டாக்டரம்மா. வெயில்ல காயவிட்டு மறுகை அடிச்சேன். மத்தியானம் ஒரு கை. அதுக்கப்புறமும் ஒரு கை. மூடுவேனாங்குது. இவுக கடைப் பெயிண்டு லட்சணம் அப்பிடி."

பெயிண்ட் மூடவில்லை என்று யாராவது சொன்னால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். எத்தனை வருஷத்துப் பழக்கம். எண்ணெய் ஒட்டும், பொடிதான் மூடும் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.

நான் மறுபடி சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து, நாலு கை அடிச்சும் மூடலைன்னு சொன்னேன், என்ன இப்போ, என்றாள்.

போனில் டார்ச்சைப் போட்டுக் கொம்பைப் பார்த்தேன். அதுவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், கொம்பை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. மஞ்சளுக்கு அடியில் கறுப்பு தெரிந்தது. ஈர வேட்டிக்குள் தொடை தெரிகிற மாதிரி தெரிந்தது. அடிக்கொம்பில் தூரிகை போன கோடு கோடாகத் தெரிந்தது. இவ்வளவு கேவலமாக மூடிய பெயிண்டை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. டர்பன்டைன் ஏதும் கலந்தாயா என்று கேட்டேன். கன்னுக்குக் கண்ணெரியும் என்று ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை என்றாள்.

சம்சுதீன் பாய்க்கு போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் எடுத்ததும் வாழ்த்துச் சொன்னார். வாழ்த்தெல்லாம் இருக்கட்டும் என்றேன்.

"பாய், அன்னைக்கு என் பெயிண்டப் பத்தி ஒரு கொறை சொன்னீகள்ல, அதை அப்பிடியே இன்னொருக்காச் சொல்லுங்க."

பாய் குரலைத் தணித்துக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குண்ணே அதெல்லாம்? நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மனசுல வச்சுக்கிடாதீக."

"உங்களக் கும்புட்டுக் கேக்குறேன், சொல்லுங்க பாய்."

"கலரு அதேதான், மூடலைன்னு சொன்னேன்."

"கறுப்புத் தகரத்துல என்னோடத எத்தனை கை அடிச்சீக?"

"மூணு. அப்பவும் கறுப்பு தெரிஞ்சுச்சு."

"உங்க பழசு?"

"அது ஒரே இழுப்புல்ல. அடியில தகரமா தங்கமான்னு செஞ்சவனுக்கே தெரியாது."

நல்லா இருங்க பாய் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தேன். நாலு கை அடித்தும் மூடவில்லை என்றால் அது என் டின். என் கையால் சேர்த்த, ஈயம் இல்லாத, ஊரே திட்டுகிற மஞ்சள். மகாவிடம் இதைச் சொன்னேன். அவள் நம்பலாமா கூடாதா என்று டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் கெட்டிக்காரர். நீங்கள் சொல்வது சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் உயிர் விஷயம், போனில் கேட்டதை வைத்து முடிவெடுக்க மாட்டேன், இரண்டு டின்னையும் கொண்டுவாருங்கள், என் கண்ணால் பார்க்கிறேன் என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். தெருவெல்லாம் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள், கொம்பெல்லாம் சிவப்பும் பச்சையுமாக. எல்லாக் கொம்பையும் எப்படி மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். புத்தி போகுமா? ஆனால் அன்றைக்கு அரைகுறையாக மூடியிருந்த கொம்பைப் பார்த்தபோதெல்லாம் மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

வாசலில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கறுப்பு ஹோஸ் பைப் கிடந்தது. அதன்மேல் ஒரு டின்னிலிருந்து ஒரு இழுப்பு, தள்ளி அடுத்த டின்னிலிருந்து ஒரு இழுப்பு. டின்னுக்குள் பார்த்தபோது ஒன்று போலவே இருந்த இரண்டு மஞ்சளும் கறுப்பின் மேல் ஏறியதும் தனித்தனியாகிவிட்டன. ஒன்றில் பைப்பே மஞ்சள் பைப் மாதிரி ஆகிவிட்டது. மற்றொன்றில் பைப் கறுப்பாகவே இருந்தது, மேலே மஞ்சள் தண்ணீர் பட்ட மாதிரி. மூடியதன் மேல் இனி அடிக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். மூடாததன் மேல் காயவிட்டுக் காயவிட்டு இன்னும் மூன்று கை அடிக்கச் சொன்னார். அடித்தேன். பைப்பைக் கொண்டுபோய்க் கொம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். மகா எட்டிப் பார்த்தாள். அதே கறுப்பு, அதே கோடு.

"ஊசி வேணாம்ணே," என்றார் டாக்டர்.

மகா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பெயிண்ட் ஒட்டியது. டாக்டர் பொருட்படுத்தவில்லை. முக்கால்வாசி நிம்மதியாகப் படுக்கலாம், மிச்சம் காலையில் என்றார். நாளைக்கும் அதற்கடுத்த நாளும் பார்த்துக்கொள்ள வேண்டும், தீனி எடுக்கிறதா, பல்லைக் கடிக்கிறதா, முக்கியமாகக் கண் தெரிகிறதா என்று பாருங்கள் என்றார். அந்தப் பழைய டின்னை வாய்க்காலிலோ குப்பையிலோ போட்டுவிடாமல் இறுக்கமாக மூடித் தனியாகப் பூட்டி வைக்கச் சொன்னார். பொங்கல் சாப்பிடக் கூப்பிட்டோம். இன்றைக்கு இனிமேல் பொங்கலைப் பார்த்தாலே எனக்கு வயிறு உப்பிவிடும் என்று சொல்லிவிட்டு, மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் மகா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். உங்களைத் திட்டினேன், உங்கள் பெயிண்டையும் திட்டினேன் என்றாள். பெயிண்டை இன்னும் நன்றாகத் திட்டு, காது குளிரக் கேட்கிறேன் என்றேன். சிரித்தாள். அப்புறம் நான் ஏன் கத்தினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அதையும் சொன்னேன். நீங்கள் கத்தாமல் இருந்தால்தான் பயமாக இருக்கும் என்றாள்.

விடிந்ததும் தொழுவத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் அவள் அங்கே இருந்தாள். தரையெல்லாம் கரிக்கழிசல். மருந்து வேலை செய்திருக்கிறது. பட்டு பல்லைக் கடிக்கவில்லை, சுவரில் முட்டவில்லை. நின்றுகொண்டு அசைபோட்டது. கண் மட்டும் பாக்கி. கையை முகத்துக்கு நேரே ஆட்டினால், கண் தெரியாத மாடுகூடக் காற்றுப் பட்டு இமைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

மகா அகத்திக்கீரையைக் கையில் வைத்துக்கொண்டு, வைக்கோல் படப்பு ஓரமாகச் சத்தமில்லாமல் போய் நின்றாள். வாசனையை வைத்துக்கூட அவளிடம் போய்விடும், அதனால் நான் நடுவில் போய் நின்றுகொண்டேன், ஆடாமல் அசையாமல். கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தோம். கண் தெரியாவிட்டால் நேரே வந்து என்மேல் மோதும். மோதினால் எல்லாம் போச்சு. டாக்டர் சொன்னது, பாய் சொன்னது, பைப் சொன்னது எல்லாம் தெரிந்தும் வாய்க்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டு தலையைத் தூக்கியது. மூக்கை விரித்தது. கீரைக்காக நடக்க ஆரம்பித்தது. நேராக என்னைப் பார்த்து வந்தது. நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. மகா வாயில் முந்தானையை வைத்து அமுக்கிக்கொண்டாள். ஒரு கை தூரம் வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தேன்.

நின்றது. என்னைக் கீழிருந்து மேலாக ஒரு பார்வை பார்த்தது. வழியில் இது எதற்கு நிற்கிறது என்று கேட்கிற பார்வை. பிறகு சலித்துக்கொண்ட மாதிரி முகத்தைத் திருப்பி, என் லுங்கிகூட உரசாமல் விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு மகாவிடம் போனது.

"உங்களப் பாத்துருச்சுங்க," என்றாள் மகா. கன்றின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கடைவீதியில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் நின்று திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் தொழுவத்தில், ஒரு கன்று என்னை ஒதுக்கிவிட்டுப் போனதற்காக, மாற்றாத சட்டையெல்லாம் கரியும் பெயிண்டுமாக நின்று, சந்தோஷத்தில் அழுதேன்.